பாதிப் பாட்டில் இறங்கிப் போகிறவர்

கந்தப்பளையில் ஒரு கல்யாண வீட்டில்தான் அவர் பாதிப் பாட்டில் மேடையை விட்டு இறங்கிப் போவதை முதல்முறையாகப் பார்த்தேன். மாப்பிள்ளையின் சொந்தக்காரர் ஒருவர் மேடைக்குக் கீழே நின்று, இந்தப் பாட்டை விட்டுவிட்டு வேறு பாட்டுப் பாடச் சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். இவர் இரண்டு தடவை தலையை அசைத்து மறுத்தார். அந்த ஆள் விடவில்லை. இவர் பாட்டை நிறுத்தினார். திட்டவில்லை, முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. மைக்கிலிருந்து வயரைக் கழற்றினார். உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் இடையில் அதை வளையம் வளையமாகச் சுற்றி ஸ்பீக்கர் மேல் ஒழுங்காக வைத்தார். பிறகு படியிறங்கி, சாப்பாட்டுப் பந்தலைத் தாண்டி, தேயிலைக்கு நடுவே போகும் குறுக்குப் பாதையில் நடந்துவிட்டார்.

நான் பேஸ் கிட்டார் வாசிக்கக் குழுவில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பாட்டு நின்ற பிறகும் என் விரல் ஒரே கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தது. பின்னால் டிரம்ஸில் இருந்த செல்வா எட்டி என் முதுகில் குச்சியால் குத்தினான்.

"பயப்படாதடா. இது அடிக்கடி நடக்கும். டெனிஸ் பாடுவான், நீ வாசி."

லீட் கிட்டார் வாசித்த டெனிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு மைக் முன்னால் வந்து நின்றான். அன்று மிச்சப் பாட்டெல்லாம் அவன்தான் பாடினான்.

நாங்கள் நான்கு பேரும் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரே தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். இறங்கிப் போனவர்தான் எங்களில் மூத்தவர். எங்களுக்கு அவர் "அண்ணன்". பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், இதைப் பாதி படித்துவிட்டு வைத்துவிட்டுப் போய்விடுவார்.

மாதா கோயில் கொயரில் பாடிய வயதிலேயே அவருக்கு இந்தக் குணம் இருந்ததாம். ஈஸ்டர் பாஸ்கு பூசைக்குப் பயிற்சி நடந்தபோது, மற்றப் பிள்ளைகளின் குரல் கேட்கவில்லை, கொஞ்சம் அடக்கிப் பாடு என்று பாட்டு மாஸ்டர் சொல்லியிருக்கிறார். பாட்டுப் புத்தகத்தை மூடி பெஞ்சில் வைத்துவிட்டு, முழங்காலிட்டுச் சிலுவை போட்டுவிட்டு, வெளியே போய்விட்டார். "ஆண்டவருகிட்ட சொல்லிட்டுத்தானடா போனேன்" என்பார் எங்களிடம். பகிடிக்குச் சொல்வதில்லை, நிஜமாகவே சொல்வார்.

அவருடைய மனைவியை நாங்கள் அண்ணி என்போம். பெண் பார்க்கப் போன கதையை அண்ணி சொல்லித்தான் கேட்க வேண்டும். மாப்பிள்ளை பெரிய பாட்டுக்காரர் என்று கேள்விப்பட்டு, அண்ணியின் மாமா சபையில் ஒரு பாட்டுப் பாடச் சொல்லிவிட்டார். இவர் எழுந்து கும்பிடு போட்டுவிட்டு லயத்து வீட்டுப் படியில் இறங்கி நடந்துவிட்டார். அவருடைய அம்மா கையைப் பிசைந்துகொண்டு நிற்க, அண்ணி பின்பக்கமாக ஓடி, தண்ணீர் பிடிக்கும் பீலிக்குக் கிட்ட அவரை மடக்கினாராம்.

"'பாட வேணாங்க, தேத்தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்க'ன்னேன். திரும்பி வந்து குடிச்சாரு. அவரத் திருப்பிக் கூட்டிக்கிட்டு வந்தது என் வாழ்க்கையில அந்த ஒரு தடவதான். அதுக்கப்புறம் நான் பின்னாடி போறதே இல்ல."

இவ்வளவையும் நாங்கள் ஏன் பொறுத்துக்கொண்டோம் என்று கேட்டால், அவர் பாடிக் கேட்டிருக்க வேண்டும் என்பதைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில்தான் எங்கள் பயிற்சி. வேலைக்குப் போன தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு ஆயாம்மா சாவியைத் தருவார். உத்திரத்தில் சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். பால்மா வாசம் அடிக்கும். தொட்டில்களை ஒதுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு, குட்டி மேசைமேல் ஆம்ப் பெட்டியை வைத்து வாசிப்போம். டெனிஸின் கிட்டார் கரகரவென்று கத்தும்போது அவருடைய குரல் அதற்குமேல் ஏறிப் போய் நிற்கும். கத்தல் இல்லை அது. மலை உச்சியில் நின்று ஆளைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். முடிச்சுப் போட்ட தொட்டிலும் ஆடும் என்று செல்வா சத்தியம் செய்வான்.

மேடைகளில் சினிமாப் பாட்டு வாசித்தாலும், எங்களுக்கென்று பாட்டுகள் இருந்தன. அதில் ஒன்று "மேல்கணக்கு". எங்கள் தோட்டத்தின் மேல் பிரிவுக்கு அப்படித்தான் பெயர். அப்போது அங்கே வண்டி போகும் பாதை கிடையாது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு இறங்கி வருவார்கள், பின்னேரம் மழையில் ஏறிப் போவார்கள். நால்வரும் சேர்ந்து எழுதிய பாட்டு அது. "என்னாத்துக்கு அழுவுற, இன்னும் கொஞ்சம் ஏறி வா" என்று முடியும். அந்தக் கடைசி "ஏறி வா"வில் அவர் குரல் எங்கே போய் நிற்கும் என்று எங்களுக்கே தெரியாது.

அந்தப் பாட்டோடுதான் கொழும்புக்குப் போனோம். ஒரு தொலைக்காட்சியில் இசைக்குழுக்களுக்குப் போட்டி. செல்வாவின் அம்மா நான்கு பேருக்கும் ரொட்டியும் கட்டச் சம்பலும் கட்டித் தந்தார். அண்ணன் தன் கால் சப்பாத்தைத் துடைத்துத் துடைத்து முகம் தெரிகிற மாதிரி வைத்திருந்தார். ஒத்திகை நன்றாகவே நடந்தது. முடிந்ததும், காதில் ஹெட்போன் மாட்டியிருந்த ஒருவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"பாட்டு நல்லாயிருக்கு. இந்த 'என்னாத்துக்கு', 'அழுவுற', இதுகளக் கொஞ்சம் மாத்திடுவோமா? ஒரே தோட்டத்துக் கதையா இருக்கு. எல்லாருக்கும் விளங்க வேணும்தானே?"

டெனிஸ் எங்கள் மூவரையும் பார்த்தான். "ரெண்டு சொல்லுதானே அண்ணே. மாத்திக்கலாம்."

அண்ணன் டெனிஸின் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து வயரைச் சுற்ற ஆரம்பித்தார். பாத்ரூமுக்குப் போகிறார் என்றுதான் நினைத்தோம். எங்கள் முறை நெருங்கியபோது செல்வா வாசலுக்கு ஓடினான். காவலாளி பாதையைக் காட்டி, "எயா கியா, மல்லி" என்றார். அவர் போய்விட்டாராம்.

டெனிஸ் மாற்றிய சொற்களோடு பாடினான். முதல் சுற்றிலேயே வெளியே வந்தோம். ஹட்டனுக்கு ரயில் ஏறினோம். ரொட்டிப் பொட்டலம் பிரிக்காமலே திரும்பி வந்தது. அவர் எங்களுக்கு முந்திய ரயிலில் வந்து இறங்கி, வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். டெனிஸ் அவரைப் பார்க்கப் போகவில்லை. அவரும் வரவில்லை. குழு கலைந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை பிள்ளைக் காம்பராவின் சாவியை யாரும் கேட்கப் போகவில்லை.

பத்து வருஷத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. டெனிஸ் கந்தப்பளையில் போன் கடை போட்டான். செல்வா த்ரீவீலர் ஓட்டினான். நான் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்தேன். அண்ணன் கொழும்பில் ஒரு ஹார்ட்வேர் கடைக்குப் போனார். முதலாளி பெயர் சொல்லிக் கூப்பிடாமல் கைதட்டிக் கூப்பிட்டதால் இறங்கி வந்துவிட்டார். பிறகு ஒரு பேக்கரி. அதுவும் அப்படித்தான். கடைசியில் அக்கரப்பத்தனை-ஹட்டன் தனியார் பஸ்ஸில் கண்டக்டர் ஆனார்.

ஒரு நாள் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் அவர் குரலைக் கேட்டேன். "அக்கரப்பத்தன, அக்கரப்பத்தன" என்று கூவிக்கொண்டிருந்தார். அந்த மேல் ஸ்தாயியை அப்படிக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. ஏறினேன். என்னைப் பார்த்தார். எல்லாரிடமும் சொல்கிற மாதிரியே, "உள்ளுக்குப் போங்க, பின்னுக்கு எடம் இருக்கு" என்றார். நான் இறங்கும்போது மட்டும் தோளைத் தட்டினார்.

"வாசிக்கிறியாடா?"

"இல்லண்ணே."

மணியை அடித்தார். பஸ் போய்விட்டது.

கூவிக் கூவித் தொண்டையில் கட்டி வந்து, கண்டி ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள் என்று பிறகு செல்வா சொன்னான். இனிமேல் சத்தம் போடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அவர் தானாக விட்டுப் போகாத ஒரே வேலை அந்த பஸ் வேலைதான். அதற்குப் பிறகு லயத்துக்குப் பக்கத்துத் துண்டு நிலத்தில் கரட்டும் லீக்ஸும் போட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் பழைய பாட்டுக்கு உயிர் வந்தது செல்போனால்தான். பிள்ளைக் காம்பராவில் செல்வா எப்போதோ எடுத்த மங்கலான வீடியோவை அவன் தங்கை மகள் பேஸ்புக்கில் போட்டிருக்கிறாள். அது தோட்டம் தோட்டமாகப் பரவிவிட்டது. கொழுந்து பறிக்கும் மலையில் போனை இடுப்பில் செருகிக்கொண்டு "மேல்கணக்கு" கேட்டார்கள். ஒருநாள் எங்கள் தோட்டத்து இளைஞர் கழகத்துப் பெண்கள் இரண்டு பேர் ஹோட்டலுக்கே வந்துவிட்டார்கள். தைப்பொங்கல் விளையாட்டு விழாவில் நாங்கள் வாசிக்க வேண்டுமாம், பாடியவரே வந்து பாட வேண்டுமாம்.

நானும் செல்வாவும் த்ரீவீலரில் அவரைத் தேடிப் போனோம். கரட் பாத்தியில் குந்தியிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து கையைத் துடைத்தார். பேசியபோது அந்தக் குரலே மாறியிருந்தது. பழைய ரேடியோ மாதிரி கரகரப்பு. ஆழத்திலிருந்து வந்தது.

விஷயத்தைச் சொன்னோம். கேட்டுவிட்டு, "டெனிஸ் வரச் சொன்னானா?" என்றார்.

பொய் சொல்லலாமா என்று செல்வா என்னைப் பார்த்தான். "இல்லண்ணே" என்றேன். "நாங்களாத்தான் வந்தோம்."

"அப்ப வேணாம்" என்று மறுபடியும் குந்திக்கொண்டார்.

அண்ணி எங்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, பாதைவரை கூடவே வந்தார். "தெனமும் அந்த வீடியோவப் பாக்குறாரு தம்பி. சத்தத்த மட்டும் கொறச்சி வெச்சிக்கிறாரு. நான் கேக்கலன்னு நெனப்பு."

டெனிஸிடம் போனோம். யாருடைய போனையோ கழற்றி வைத்துக்கொண்டிருந்தவன் நிமிரவே இல்லை. ஸ்குரூவை முறுக்கிக்கொண்டே சொன்னான்.

"வந்தா வரட்டும். வேணான்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு. இந்தத் தடவையும் பாதியில எறங்கிப் போனாருன்னா, நான் செத்தாலும் திரும்ப கிட்டாரத் தொட மாட்டேன். அத மட்டும் அவருகிட்ட சொல்லிடுங்க."

அதை நாங்கள் சொல்லவில்லை. இனி அவர் வரமாட்டார், மூவருமே வாசிப்போம் என்று விட்டுவிட்டோம். அப்படியும் அந்தச் சனிக்கிழமை, நாங்கள் மூவரும் பிள்ளைக் காம்பராவில் தடுமாறி வாசித்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. ஸ்வெட்டரும் குளிர்த்தொப்பியும் போட்டுக்கொண்டு அவர் நின்றார். சப்பாத்து பளபளவென்று இருந்தது. ஒருவரையும் நலம் கேட்கவில்லை. நேராக மைக்குக்குப் போய், "மேல்கணக்கு" என்றார்.

டெனிஸ் ஆரம்பித்தான். முதல் அடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, பாட்டை அவன் சுருதி இறக்கி வாசிக்கிறான். யாரிடமும் சொல்லாமல், அவருடைய தொண்டையை நினைத்துச் செய்தான். அவர் இரண்டு வரி பாடினார். நிறுத்தினார்.

"யாருடா எறக்கச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லலண்ணே. உங்க தொண்டைக்கு லேசா இருக்கட்டுமேன்னு..."

"என் தொண்ட எனக்குத் தெரியும். பழைய சுருதியில வாசி."

வாசித்தான். அவர் ஏறினார். "ஏறி வா" என்ற இடத்தில் குரல் பிளந்து வெறும் காற்றுத்தான் வந்தது. இன்னொரு தடவை பார்த்தார். இருமல் வந்துவிட்டது. அவர் மைக்கைக் கழற்றி வயரைச் சுற்ற ஆரம்பித்தார்.

டெனிஸ் கிட்டாரைக் கழற்றித் தரையில் வைத்தான்.

"போங்க. உங்களுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதானே."

அவர் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அன்னைக்கும் இப்படித்தான் சுத்தி வெச்சிட்டுப் போனீங்க. பாட்டுல சொல்ல மாத்தக்கூடாதுன்னு நீங்க நெனச்சது சரிதாண்ணே. பாடி முடிச்ச அடுத்த நிமிஷமே எனக்கு அது வெளங்கிருச்சி. ஆனா போகும்போது 'வாங்கடா போவோம்'னு ஒரு வார்த்த சொன்னீங்களா? சொல்லியிருந்தா இந்தக் கிட்டாரத் தூக்கிக்கிட்டு நானும் பின்னாடியே வந்திருப்பேனே. எங்கள அங்க விட்டுட்டுல்ல போனீங்க!"

டெனிஸ் அழுதுகொண்டிருந்தான். வளர்ந்த மனிதன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவர் கையில் வயரோடு நின்றார். வயரை ஸ்பீக்கர் மேல் வைத்தார். போய்விட்டார்.

அந்த வாரம் முழுவதும் செல்வா தினமும் போன் எடுத்து, "கழகத்துப் புள்ளைங்ககிட்ட என்னா சொல்றது?" என்று கேட்டான். எனக்கும் தெரியவில்லை. சனிக்கிழமை போகாமலே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். போனபோது டெனிஸ் ஏற்கெனவே வந்து ஆம்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஆச்சரியமாக இருந்தது. அதைவிட ஆச்சரியம், அவனுக்கும் முன்னால் அண்ணன் வந்து, தொட்டில்களை ஒதுக்கி முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். இருவரும் அதுவரை என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் பேசியிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

மன்னிப்பு என்று எதுவும் நடக்கவில்லை. சுருதியையும் இறக்கவில்லை. பழைய சுருதிதான் என்று பிடிவாதமாக நின்றார். உயரமான இடம் வரும்போதெல்லாம் மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு வாயை மட்டும் அசைத்தார். விழாவன்று வந்துவிடும் என்றார். டெனிஸ் எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

விழா பகலில்தான். சறுக்கு மரமும் கயிறிழுத்தலும் முடிந்து, பனி கொஞ்சம் விலகி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மேடை என்பது லொறியின் பின்பக்கம். மேல்கணக்கிலிருந்துகூட ஆட்கள் இறங்கி வந்திருந்தார்கள். அங்கே இப்போது பாதை இருக்கிறது. அண்ணி முன்வரிசையில் இல்லை, பின்னால் மரத்தடியில் நின்றார். நாங்கள் ஆரம்பித்ததுமே பிள்ளைகள் ஓடி வந்து லொறியைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களுக்கு எல்லா வரியும் தெரிந்திருந்தது. "என்னாத்துக்கு அழுவுற" என்று அவர் தொடங்கியபோது மைதானமே கத்தியது.

"ஏறி வா" வந்தது. அவர் மைக்கைத் தள்ளிப் பிடிக்கவில்லை. முழு மூச்சோடு முயன்றார். குரல் பிளந்தது. பிளந்தது ஸ்பீக்கர் வழியாக மைதானம் முழுக்கக் கேட்டது. முன்னால் நின்ற பையன்கள் சிலர் சிரித்தார்கள்.

அவர் கையைத் தூக்கினார். செல்வா நிறுத்தினான். நானும் நிறுத்தினேன். அவர் திரும்பினார். லொறியிலிருந்து இறங்கும் படி டெனிஸ் நின்ற பக்கத்தில்தான் இருந்தது. அந்தப் பக்கமாக நடந்தார். டெனிஸ் கண்ணை மூடிக்கொண்டான். கிட்டார் வாரைக் கழற்ற அவன் கை தோளுக்குப் போனதை நான் பார்த்தேன்.

படிக்கு முன்னால், டெனிஸுக்கு நேராக அவர் நின்றார். மைக் இன்னும் கையிலேயே இருந்தது. அதனால் அவர் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

"டெனிஸ், எனக்கு எட்டலடா. அன்னைக்கி எறக்கி வாசிச்சியே, அதுல வாசி."

டெனிஸ் கண்ணைத் திறந்தான். இரண்டு தடவை கம்பியைத் தவறாகப் பிடித்தான். அவர் அவசரப்படாமல் பக்கத்திலேயே நின்றார். மூன்றாம் தடவை சரியாக வந்தது. செல்வா எண்ணிக்கொடுக்க, முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

அந்தக் குரலில் அந்தப் பாட்டை நான் அதற்குமுன் கேட்டதில்லை. முன்பெல்லாம் உச்சியில் நின்று கூப்பிடுகிற மாதிரி இருக்கும். இப்போது பக்கத்தில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, தானும் மூச்சு வாங்கிக்கொண்டு, கூட ஏறுகிற ஒருவர் பாடுகிற மாதிரி இருந்தது. சிரித்த பையன்கள் வாயைத் திறந்தபடி நின்றார்கள். கடைசி வரியில் டெனிஸும் சேர்ந்து பாடினான். மரத்தடியில் அண்ணி சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார்.

இறங்கியதும் அவர் என்னிடம் சொன்னது ஒன்றுதான். "ரெண்டாவது சரணத்துல நீ பிந்திட்டடா."

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிறோம். அவருடைய இந்தக் குரலுக்கென்றே ஒரு புதுப் பாட்டு எழுதியிருக்கிறார். கரட் பாத்தியில் குந்தியிருந்து யோசித்ததாம். நல்ல பாட்டு. ஆனால் நீளம். போன ஞாயிறு டெனிஸ் அதைச் சொல்லிவிட்டான்.

"நடுவுல நாலு வரிய எடுத்தா நல்லாருக்கும்ணே."

"ஒரு சொல்லும் எடுக்க முடியாது."

"கேக்குறவங்களுக்கு இழுத்துக்கிட்டே போற மாதிரி இருக்குண்ணே."

"உனக்குப் பாட்டுன்னா என்னான்னு தெரியுமாடா?"

"நீங்க சொல்லிக் குடுங்களேன்!"

அவர் எழுந்துவிட்டார். தொப்பியைப் போட்டுக்கொண்டு, ஒருவர் முகத்தையும் பார்க்காமல் கதவைத் திறந்தார். வெளியே பனி இறங்கியிருந்தது. செல்வா குச்சியைக் கீழே வைத்தான். நான் டெனிஸைப் பார்த்தேன். அவன் வேண்டுமென்றே குனிந்து கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான்.

கதவைப் பிடித்தபடி அவர் திரும்பினார். கோபம் கொஞ்சமும் குறையவில்லை.

"அடுத்த ஞாயிறு எத்தன மணிக்குடா?"

டெனிஸும் அதே கோபத்தோடு, நிமிராமலே சொன்னான். "பத்துக்கு. நேரத்தோட வாங்க."

"நான் எப்படா பிந்தி வந்தேன்?" என்று கேட்டுவிட்டு, கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு போனார்.